காட்சியும் ஸேவையும்: காஷ்மீரப் பள்ளத்தாக்கும் நம் யாத்திரை நூல்களும்

ஸ்ரீவைஷ்ணவர்களுக்காக எழுதப்படும் வடநாட்டு யாத்திரை நூல்கள் இக்காலத்தில் பெருகியிருக்கின்றன. பதரிகாசிரமம், ஸாளக்ராமம், நைமிசாரண்யம், அயோத்தி முதலிய திவ்யதேசங்களுக்கு எவ்வழியாகச் செல்வது, எங்கே தங்குவது, எந்தப் பருவத்தில் வழி திறந்திருக்கும், ஆசாரத்திற்குக் குறைவில்லாமல் தளிகை செய்துகொள்ள எங்கே வசதியுண்டு என்பவற்றையெல்லாம் அவை விரிவாகச் சொல்லுகின்றன. வயது முதிர்ந்தவர்களுக்கு இவற்றால் விளைந்த உபகாரம் சிறிதன்று. ஆகையால் இங்கே விண்ணப்பிக்கப்போகும் குறை, இவற்றை எழுதினவர்களுடைய ஊக்கத்தைப் பற்றியதன்று. எழுதும் முறையைப் பற்றியது.

இந்நூல்கள் சில ஆண்டுகளாகக் காஷ்மீரத்தையும் தம் வரிசையில் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. சேர்த்திருக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. திவ்யதேச யாத்திரையில் பட்ட சிரமம் தீர நாலைந்து நாள் ஓய்வு என்று முன்னுரை. முதல் நாள் டால் ஏரியில் சிகாராப் படகு, பிறகு ஷாலிமார், நிஷாத் தோட்டங்கள், ஏரிக்கு மேலே குன்றின்மேல் உள்ள சங்கராசார்யர் கோயில், துல்முல்லாவில் க்ஷீரபவானி, மறுநாள் குல்மார்க், அதற்கு மறுநாள் பஹல்காம். பஹல்காம் செல்லும் வழியில் அவந்திபுரம் என்னும் ஊரில் இடிந்த கோயில் ஒன்று உண்டு, விருப்பமுள்ளவர் இறங்கிப் பார்க்கலாம் என்று ஒரு வரி. எம்பெருமானார் கூரத்தாழ்வானோடு காஷ்மீரம் எழுந்தருளினார் என்று முடிவில் ஒரு பத்தி. இவையனைத்திற்கும் மேலே இட்டிருக்கும் தலைப்பு, பார்க்க வேண்டிய இடங்கள் என்பது.

இத்தலைப்பிலேயே அடியேனுடைய விசாரம் தொடங்குகிறது. நம் பெரியோர் ஒரு க்ஷேத்ரத்திற்குச் சென்று வந்தால் அதைப் பார்த்தேன் என்று சொல்லுவதில்லை, ஸேவித்தேன் என்பார்கள். பார்ப்பது என்றால் பார்க்கிறவன் தலைவன். பார்க்கப்படுவது அவனுக்கு விருந்து. ஸேவிப்பது என்றால் அங்கே எழுந்தருளியிருப்பவன் தலைவன், வந்தவன் அடியான். சொல் மாறும்போது சேஷசேஷி பாவமே இடம் மாறிப்போகிறது. திவ்யதேசங்களைப் பேசும்போது ஸேவித்தல் என்றே எழுதுகிற இந்நூல்கள், காஷ்மீரத்திற்கு வந்தவுடன் பார்த்தல் என்று மாற்றி எழுதுவதற்குக் காரணம் என்ன? அங்கே ஸேவிக்கத்தக்கது ஒன்றுமில்லை என்னும் எண்ணமே. அவ்வெண்ணம் சரியா என்பதே இங்கே ஆராயப்படுவது.

முதலில் ஒரு சங்கையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏரியையும் மலையையும் கண்டு மகிழ்வது ஸ்வரூபத்திற்குச் சேராதது என்று அடியேன் சொல்லுவதாக ஒருவரும் கொள்ள வேண்டா. திருமங்கையாழ்வாருடைய பதிகங்களை அநுஸந்திக்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வயலும், கயலும், தாமரையும், வண்டும், சோலையும் பாசுரந்தோறும் வருகின்றன. வ்யாக்யாதாக்களும் அவற்றை வெறும் வருணனை என்று ஒதுக்கிவிடவில்லை; பறவையை ஆசார்யனாகவும், வண்டை ஸாரக்ராஹியாகவும் ஸ்வாபதேசம் அருளிச்செய்து, நிலவளம் எல்லாம் அவ்விடத்து எம்பெருமானுடைய ஸம்பந்தத்தால் வந்த வளம் என்று காட்டினார்கள். யாத்திரை நூல்களின் குறை அழகைச் சொன்னதில் இல்லை. அழகைச் சொல்லி, அதை உடையவனைச் சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. பாசுரத்தில் நிலத்தைச் சொல்லும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, எம்பெருமானைச் சொல்லும் பாதியைக் கழித்துவிட்டாற்போல் ஆகிறது.

காஷ்மீர நிலம் எவனுடையது என்று அந்நாட்டுப் பழைய நூல் சொல்லுகிறது. நீலமத புராணம் அத்தேசத்தின் ஸ்தலபுராணம் போன்றது. அதன்படி இப்பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஸதீஸரஸ் என்னும் பெரிய ஏரியாக இருந்தது. அதில் ஜலோத்பவன் என்னும் அஸுரன் நீரே அரணாக ஒளிந்துகொண்டு சுற்றிலுமுள்ளாரை வருத்தினான். கச்யபர் வேண்ட, தேவர்கள் கூடினார்கள். அனந்தன் தன் கலப்பையால் மலையைப் பிளந்து நீரை வெளியேற்ற, எம்பெருமான் திருவாழியால் அஸுரனுடைய தலையை அறுத்தான். நீர் வடிந்த நிலமே காஷ்மீரம். ஏரி நிலமானதும் குடியிருப்பானதும் சக்ரத்தின் காரியம் என்பது இக்கதையின் தேறின பொருள்.

ஊர்ப்பெயர்களும் இதற்கு இசைகின்றன. விதஸ்தை நதி பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும் இடத்திலுள்ள பாராமுல்லாவின் பழம்பெயர் வராஹமூலம். அங்கே ஆதிவராஹனுடைய கோயில் இருந்தது. தெற்கே உயர்ந்த மலைமேலுள்ள கௌஸர்நாக் என்னும் ஏரிக்குப் பழம்பெயர் க்ரமஸரஸ். க்ரமம் என்பது திருவிக்ரமனுடைய அடிவைப்பு. விஷ்ணுபாதம் என்றும் அதனை வழங்கினர். ஆஷாடத்தில் எம்பெருமானுடைய சயனத்தையும், கார்த்திகத்தில் உத்தானத்தையும் விழாவாகக் கொண்டாட வேண்டும் என்று நீலமதம் விதிக்கிறது. கைசிக த்வாதசியை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றுமா? நீலமதம் சிவனையும் நாகங்களையும் போற்றுகிற நூலேயன்றி வைஷ்ணவ க்ரந்தமன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏரிகளை அழகுக்காக மட்டும் காட்டுகிற கையேட்டைக் காட்டிலும் அது நமக்கு நெருங்கிய நூல்.

இனி அவந்திபுரத்திற்கு வருவோம். ஸ்ரீநகரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அனந்தநாக் செல்லும் பெருவழியில், விதஸ்தைக் கரையில் இவ்வூர் உள்ளது. கி.பி. 855 முதல் 883 வரை அரசாண்ட அவந்திவர்மன் நிறுவியது. அங்கே இரண்டு கோயில்கள் இடிந்து கிடக்கின்றன. ஒன்று அவந்திஸ்வாமி என்னும் விஷ்ணு ஆலயம். மற்றொன்று அவந்தீச்வரம் என்னும் சிவாலயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தயாராம் ஸாஹ்னி என்னும் தொல்லியலாளர் மண்ணை அகழ்ந்து இவற்றை வெளிப்படுத்தினார். அவந்திஸ்வாமியில் நடுவே மூலக்ருஹத்தின் அடித்தளமும், நான்கு மூலைகளில் சிறு ஸந்நிதிகளும், சுற்றிலும் அறை அறையாக அமைந்த திருச்சுற்றும், வேலைப்பாடுள்ள தூண்களும் இன்றும் இருக்கின்றன.

இக்கோயிலைக் கட்டினவனைப் பற்றிக் கல்ஹணர் ராஜதரங்கிணியில் எழுதியிருப்பதை நம் யாத்திரை நூல்களில் ஒன்றேனும் எடுத்துச் சொல்லியிருந்தால் அடியேன் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயற்றப்பட்ட அந்நூல் சொல்லுவதாவது: அவந்திவர்மனை அரசனாக்கியவன் சூரன் என்னும் மந்திரி. அவன் சிவபக்தன். அரசனோ பாலப்பருவம் தொடங்கி வைஷ்ணவன். தன்னை ஆளாக்கிய மந்திரியின் மனம் நோவாதிருக்க வேண்டும் என்று, அரசன் தன் வைஷ்ணவத்தை மறைத்துச் சைவனாகவே ஒழுகினான். இருபத்தெட்டு ஆண்டு கடந்தபின், திரிபுரேசமலையில் ஜ்யேஷ்டேச்வரத்தில் நோயுற்றுக் கிடக்கையில், முடிவு நெருங்கிவிட்டது என்று அறிந்து, கைகூப்பி, அம்மந்திரியிடம் தன் உண்மையை வெளியிட்டான். பிறகு பகவத்கீதையை முடிவு வரையில் கேட்டு, வைகுண்டத்தை நினைந்து, தெளிந்த மனத்தோடு உயிர்விட்டான்.

இவ்வரலாற்றைக் கேட்டால் ஸ்ரீவைஷ்ணவனுக்கு இரண்டு எண்ணம் தோன்றும். ஒன்று, இது தகுமா என்பது. சோழனுடைய ஸபையில் எம்பெருமானாருக்குப் பதிலாகச் சென்று, பரத்வத்தை மறைக்க மாட்டாமல் திருக்கண்களை இழந்த கூரத்தாழ்வானை ஆசார்யனாகக் கொண்ட நாம், ஓர் அரசன் மந்திரியின் பொருட்டு மறைத்ததை எப்படி மெச்சுவது? மற்றொன்று, அவனை எப்படி வெறுப்பது என்பது. அதிகாரத்திற்கு அஞ்சி அவன் மறைக்கவில்லை. அதிகாரம் அவன் கையில் இருந்தது. நன்றியினால் மறைத்தான். கல்ஹணரும் இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. அடியேனுக்குத் தோன்றுவது இது: ஆழ்வானுடைய அநுஷ்டானம் நமக்கு விதி, அவந்திவர்மனுடைய செயல் விதியன்று. ஆயினும் அந்திமகாலத்தில் அவனைக் கைவிடாமல் கீதையைக் கேட்பித்தது யாருடைய க்ருபை என்பது, வராஹசரமத்தின் பொருளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுவதன்று.

கற்களும் இதற்குச் சாட்சி சொல்லுகின்றன. அவந்திஸ்வாமி அவன் பட்டம் பெறுவதற்கு முன் கட்டினது. அவந்தீச்வரம் பட்டம் பெற்ற பின் கட்டினது என்று கல்ஹணர் எழுதுகிறார். அதாவது, மறைக்க வேண்டிய நிலை வருவதற்கு முன் தன் எம்பெருமானுக்குத் தன் பெயரிட்டுக் கோயில் எடுத்தான்; மறைத்த பின் மந்திரியின் தெய்வத்திற்கு அதனிலும் பெரிதாக எடுத்தான். இந்த வரிசையை அறிந்து அங்கே நிற்கிறவனுக்கு அவை இடிந்த கோயில்கள் இரண்டு அல்ல. ஒரு மனிதனுடைய நெஞ்சின் இரண்டு பக்கங்கள். இவன் காலத்திலேயே ஸுய்யன் என்னும் அறிஞன், வராஹமூலத்தின் அருகே விதஸ்தையில் அடைத்திருந்த பாறைகளை நீக்கி, வெள்ளத்தை வடியச்செய்து, நிலங்களை மீட்டான். ஒரு காரி நெல் 200 தீநாரத்திலிருந்து 36 தீநாரமாக இறங்கியது என்று கல்ஹணர் கணக்கு எழுதுகிறார். நீரை வடித்து நிலத்தை மீட்ட நீலமதக் கதை அரசனுடைய ஆட்சியில் மறுபடியும் நடந்தாற்போல் இருக்கிறது.

இவ்வளவும் எழுதுகிற அடியேன், அவந்திபுரத்தில் நடந்துகொண்ட விதத்தை இங்கே சொல்லாமல் விட்டால் பிறரைக் குறை கூறும் தகுதியை இழந்தவனாவேன். சில ஆண்டுகளுக்கு முன் குமாரனும் பேரனும் அழைத்துச் செல்ல, காஷ்மீரம் செல்லும்படி நேர்ந்தது. பஹல்காம் செல்லும் வழியில் வண்டி அவந்திபுரத்தில் நின்றது. இருபது நிமிஷம் என்றார்கள். எல்லோரும் இறங்கினார்கள். ஆராதனம் இல்லாத இடத்தில் என்ன ஸேவை என்று சொல்லி, அடியேன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பேரன் இரண்டு முறை வந்து கூப்பிட்டான். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். அதுவும் முழுப் பொய்யன்று.

திரும்புவதற்கு முதல் நாள் மழை. வெளியே எங்கும் செல்ல முடியாமல், ஸ்ரீநகரத்தில் விதஸ்தைக் கரையிலுள்ள ஸ்ரீப்ரதாப் ஸிங் அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். அங்கே ஒரு மூர்த்தியின் முன் கால் நின்றுவிட்டது. முன்னே மநுஷ்ய முகம். இரு பக்கத்திலும் ஸிம்ஹ முகமும் வராஹ முகமும். பின்னே உக்ரமான நான்காவது முகம். பின்கைகள் இரண்டும் கதையும் சக்ரமும் உருவெடுத்து நிற்கும் இருவருடைய தலைமேல் இருந்தன. திருவடிகளின் நடுவே பூமிப்பிராட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவயதில் தமப்பனார் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த ஜயாக்ய ஸம்ஹிதையின் த்யானம் தானாக வாயில் வந்தது. வைகுண்டன், நரஸிம்ஹன், வராஹன், கபிலன் என்று நான்கு முகங்களோடு பகவானை த்யானிக்கச் சொல்லுகிறது அந்த ஸம்ஹிதை. அறுபது ஆண்டு அதை உருச்சொல்லியும், அப்படி ஒரு திருமேனியை நம் பக்கத்து ஸந்நிதி எதிலும் அடியேன் ஸேவித்ததில்லை. கீழே எழுதியிருந்ததைப் பேரன் படித்தான்: கிடைத்த இடம் அவந்திபுரம். மறுநாள் விடியற்காலையில் விமானம். திரும்பிச் செல்ல வழியில்லை.

இதில் அடியேனுடைய வருத்தம் மட்டும் இருந்தால் எழுத வேண்டியதில்லை. ஸம்ப்ரதாயத்தைச் சேர்ந்த ஒரு விஷயமும் இருக்கிறது. 1931-இல் வடோதரையில் அச்சேறிய ஜயாக்ய ஸம்ஹிதையின் அதிகபாடம், ஸாத்வதத்தை யாதவாத்ரிக்கும், பௌஷ்கரத்தைத் திருவரங்கத்திற்கும், ஜயாக்யத்தை ஹஸ்திகிரிக்கும் உரியதாகச் சொல்லுகிறது. பேரருளாளனுடைய க்ஷேத்ரத்திற்கு உரிய ஸம்ஹிதை விதிக்கும் த்யானமூர்த்தி, விதஸ்தைக் கரையில் கல்லில் எழுந்தருளியிருக்கிறான். விஷ்ணுதர்மோத்தரமும் இந்நான்கு முகங்களை நான்கு வ்யூஹங்களோடு சேர்த்துப் பேசுகிறது. காஷ்மீரத்து உத்பலவைஷ்ணவர் ஸ்பந்தப்ரதீபிகையில் ஜயாக்யம் முதலான பாஞ்சராத்ர நூல்களை எடுத்தாளுகிறார். ஸம்வித்ப்ரகாசம் எழுதிய வாமனதத்தர், தாம் காஷ்மீரத்தில் ஏகாயன வம்சத்தில் பிறந்தவர் என்று தாமே சொல்லிக்கொள்ளுகிறார். ஆகவே அங்கே ஆகமம் இருந்தது. அதனை ஓதினவர்கள் இருந்தார்கள். அதன்படி எழுந்தருளப்பண்ணின திருமேனிகளும் இருந்தன.

அவ்வாகமத்தின்மேல் வழக்கும் அங்கே நடந்தது. அவந்திவர்மனுடைய குமாரன் சங்கரவர்மன் காலத்தில் இருந்த நையாயிகர் ஜயந்தபட்டர், ஆகமடம்பரம் என்னும் நாடகத்தை எழுதினார். அதன் நான்காம் அங்கத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட விஷயம், பாகவதர்கள் ப்ராஹ்மணர்களா, பாஞ்சராத்ரம் ப்ரமாணமா என்பது. இதே பூர்வபக்ஷத்தை எதிர்கொண்டே ஆளவந்தார் ஆகமப்ராமாண்யம் அருளிச்செய்தார். அந்நூலின் முடிவில், ஏகாயன சாகையின் அபௌருஷேயத்வம் காஷ்மீராகமப்ராமாண்யத்தில் விரிவாக ஸாதிக்கப்பட்டது என்று காட்டியிருக்கிறார். அந்த நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதை இயற்றியவர் அவரோ வேறொருவரோ என்பதிலும் அபிப்ராயபேதம் உண்டு. ஆயினும் பெயரிலேயே காஷ்மீரத்தைச் சுமந்த ஒரு நூலை ஆளவந்தார் துணையாகக் கொண்டார் என்பதில் ஐயமில்லை.

இங்கே எம்பெருமானாருடைய காஷ்மீர யாத்திரையை நினைக்க வேண்டும். போதாயனவ்ருத்தியைக் கடாக்ஷிக்க ஆழ்வானோடு சாரதாபீடத்திற்கு எழுந்தருளினதும், அதைத் திரும்பப் பறித்துக்கொண்டபோது ஆழ்வான் முழுவதையும் நெஞ்சிலே தரித்திருந்ததும் குருபரம்பரை நூல்கள் கூறுவன. ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கம் போதாயனவ்ருத்தியைச் சொல்லுகிறதேயன்றிக் காஷ்மீரத்தைச் சொல்லவில்லை. இரண்டையும் வேறுபிரித்து அறிவது ஐதிஹ்யத்திற்குக் குறைவன்று. யாத்திரை நூல்கள் இந்த வேறுபாட்டையும் காட்டுவதில்லை, இடத்தையும் காட்டுவதில்லை. படிக்கிறவர் சாரதாபீடம் ஸ்ரீநகரத்திலேயே இருப்பதாக எண்ணும்படி ஆகிறது. பழைய சாரதா க்ஷேத்ரம் வடக்கே கிஷன்கங்கை நதிக்கரையில், இன்று நாம் செல்ல இயலாத எல்லைக்கோட்டிற்கு அப்பால் இடிந்து நிற்கிறது. 1892-இல் ஆரல் ஸ்டைன் அங்கே சென்று கண்டு எழுதினார். எல்லைக்கு இப்பால் தீத்வாலில் 2023-இல் புதிதாக ஒரு சாரதாலயம் திறக்கப்பட்டது. ஸ்ரீநகரத்தில் 2022-இல் எம்பெருமானாருடைய திருவுருவம் நிறுவப்பட்டது. இவற்றுள் எது எது என்று தெளிவாகச் சொன்னால்தான் யாத்திரை செய்கிறவர் எங்கே நின்று எதை நினைப்பது என்று அறிவார்.

ஏடு தேடிச் செல்ல எத்தனையோ தேசங்கள் இருக்க, காஷ்மீரம் ஏன் என்று கேட்டால், கல்வியில் சிறந்த நாடு என்று பொதுவாகச் சொல்லி விடுகிறோம். அதற்கு மேலும் ஒரு காரணம் சொல்லலாம் என்பது அடியேனுடைய அநுமானம். பரமாசார்யர் தம் நூலில் பெயரைச் சொல்லிச் சுட்டிய தேசம் அது. பாஞ்சராத்ரம் வாழ்ந்ததும், வழக்கில் நின்றதும் அங்கே. ஆகவே ஐதிஹ்யம் அவரை அங்கே எழுந்தருளச் செய்தது, தொடர்பில்லாத ஒரு தூரதேசத்திற்கன்று. இது அநுமானமே, ப்ரமாணமாக ஒருவரும் எடுத்துக்கொள்ள வேண்டா.

இப்போது அடியேன் வண்டியிலிருந்து சொன்ன வார்த்தையையே பூர்வபக்ஷமாக வைத்துப் பார்க்கிறேன். ஆராதனம் இல்லை, மூர்த்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆழ்வார்கள் மங்களாசாஸனமும் இல்லை. அங்கே ஸேவிக்க என்ன இருக்கிறது? மங்களாசாஸனம் இல்லாத அபிமான க்ஷேத்ரங்களை நாம் ஸேவிக்கிறோம் ஆதலால் அந்த ஹேது நில்லாது. மற்ற இரண்டிற்கும் பிள்ளை லோகாசார்யர் அர்ச்சாவதார விஷயமாக அருளிச்செய்ததே ஸமாதானம். ஸர்வசக்தன் அசக்தனைப்போலவும், ஸர்வரக்ஷகன் பிறரால் ரக்ஷிக்கப்பட வேண்டியவனைப்போலவும் தன்னை நமக்கு ஒப்புக்கொடுத்து நிற்பதே அர்ச்சையின் ஏற்றம் என்றால், அப்படி ஒப்புக்கொடுத்தவனை நம்மவர் காக்க முடியாமற்போன இடமும் அந்த ஸௌலப்யத்தின் எல்லையே ஆகும். 1323-இல் நம்பெருமாள் திருவரங்கத்தை விட்டு எழுந்தருளினதையும், லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினதையும் சொல்லும்போது கண்ணீர் விடுகிறோம். 1371-இல் நம்பெருமாள் திரும்பி எழுந்தருளினான். அவந்திஸ்வாமி திரும்பவில்லை, இவ்வளவே பேதம். திரும்பாதவனுக்காகக் கண்ணீர் கூடாதென்று எந்த சாஸ்த்ரம் சொல்லிற்று?

அழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் சொல்லுகிற ஒன்றிரண்டு நூல்கள், அந்நிய மதத்தாரால் இடிக்கப்பட்டது என்று ஒரு வரியில் கோபித்து முடித்துவிடுகின்றன. ஸிகந்தர் ஸுல்தான் காலத்து இடிப்பை ஜோனராஜர் எழுதியிருக்கிறார், அது மறைக்கத்தக்கதன்று. ஆனால் அதற்கு முன்பே, லலிதாதித்யன் வெள்ளியால் எழுந்தருளப்பண்ணின பரிஹாஸகேசவனை ஹர்ஷன் என்னும் ஹிந்து அரசன் அழித்தான். அவந்திவர்மனுடைய சொந்தக் குமாரனே பரிஹாஸபுரத்துப் பொருளையும் கல்லையும் எடுத்துச் சென்று தன் ஊரை அமைத்தான். 12-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுக் கலகத்தில், அடைக்கலம் புகுந்த ஜனங்களோடு சக்ரதரன் கோயில் எரிந்தது. இவையெல்லாம் கல்ஹணர் எழுதினவை. அர்ச்சாவதாரத்திற்கு ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பது நம் கோயில்களில் கைங்கர்யம் செய்கிறவர்களுக்கும் உபயோகப்படும் பாடம்.

எனவே, காஷ்மீரத்தைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்கு அடியேனுடைய விண்ணப்பம் இவ்வளவே. நாட்கணக்கும் தங்குமிடமும் இருக்கட்டும். ஏரியும் தோட்டமும் இருக்கட்டும். அவற்றிற்கு முன் நீலமதக் கதையை ஓர் அவதாரிகையாக வையுங்கள். அவந்திபுரத்திற்கு இருபது நிமிஷத்திற்குப் பதிலாக ஒரு முற்பகல் கொடுங்கள். அங்கே செல்லுவதற்கு முன்பே அருங்காட்சியகத்தை அமையுங்கள். மூர்த்தியை ஸேவித்த கண்ணோடு சென்றால்தான் வெறும் அடித்தளம் ஸந்நிதியாகத் தோன்றும். ஐதிஹ்யத்தை ஐதிஹ்யமாகவும், சரித்ரத்தைச் சரித்ரமாகவும், அநுமானத்தை அநுமானமாகவும் பிரித்து எழுதுங்கள். தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடமாதலால் அங்கே ஆராதனம் செய்ய இடமில்லை. திருச்சுற்றை ஒருமுறை வலம் வந்து, கிழக்கே நோக்கி நின்று, மானஸமாக அநுஸந்திக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் சேருங்கள். அடியேனைப் போன்றவர்களுக்குச் சாக்கு இல்லாமற்போகும்.

பேரன் இப்போது வேறு ஊரில் உத்யோகத்தில் இருக்கிறான். அன்று அவந்திபுரத்தில் எடுத்த படங்களைச் சென்ற மாதம் அனுப்பியிருந்தான். ஒரு படத்தில் வெயிலில் தூண்கள். அவற்றிற்குப் பின்னால், சாலையோரத்தில், நாங்கள் வந்த வண்டி. ஜன்னல் ஓரத்தில் ஒரு திருமண்காப்பு சிறிதாகத் தெரிகிறது. எம்பெருமானுடைய திருமுற்றத்திற்கும் அந்த ஜன்னலுக்கும் இடையே நூறு அடி இருக்கலாம். அடியேன் நடக்காமல் விட்ட அந்த நூறு அடியைப் பிறர் நடக்க இக்கட்டுரை காரணமானால் அதுவே ப்ராயச்சித்தமாகும். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள ப்ரார்த்திக்கிறேன்.